டிக்கெட்டும் திரையும்: ஃபிக்மா–ஜிரா, பென்பாட்–டைகா, கிட்லேப் ஆகியவற்றில் உங்கள் குழுவுக்கு எது பொருந்தும்?

பத்துப் பேருக்கு உட்பட்ட ஒரு மென்பொருள் குழு, வேலைகளைப் பிரித்துக் கண்காணிக்கும் கருவியையும் திரைகளை வரையும் கருவியையும் எவ்வாறு இணைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்டுள்ள கேள்வி. எந்தக் கருவியில் எத்தனை வசதிகள் உள்ளன என்ற பட்டியலை அந்தந்த நிறுவனங்களே வெளியிடுகின்றன. இங்கே ஒப்பிடுபவற்றில் ஃபிக்மாவும் பென்பாட்டும் திரைகளை வரைபவை; ஜிராவும் டைகாவும் வேலைகளைக் கண்காணிப்பவை; கிட்லேப் நிரலைச் சேமித்துவைக்கும் தளம். குழுக்கள் தடுமாறும் இடம் இரண்டு கருவிகளுக்கும் நடுவில் இருக்கிறது என்பது என் அனுபவம்; ஆகவே அந்த இடைவெளியை வைத்தே ஒப்பிடுகிறேன்.

நான் பணியாற்றிய ஒரு குழுவில், கைப்பேசிச் செயலி ஒன்றின் ஓ.டி.பி. திரைக்கான டிக்கெட், அதாவது கண்காணிப்புக் கருவியில் அந்த வேலைக்குரிய பதிவு, ஒரு திங்கட்கிழமை நிரலாளரிடம் வந்தது. இரண்டு வரி விளக்கமும், வடிவமைப்புக் கோப்புக்கான சுட்டி (லிங்க்) ஒன்றும் அதில் இருந்தன. அன்று அவர் கண்ட திரையில் 'தொடரவும்' என்ற பொத்தான் ஓ.டி.பி. கட்டங்களுக்கு நேர் கீழே இருந்தது; பிழைச் செய்தி கட்டங்களுக்கு மேலே இருந்தது. புதன்கிழமை வடிவமைப்பாளர், 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசியில் 'ஓ.டி.பி.யை மீண்டும் அனுப்பவும்' என்ற வரி இரண்டாக உடைந்து பொத்தானைக் கீழே தள்ளுவதைக் கவனித்தார். பொத்தானைத் திரையின் அடிப்பகுதியில் நிலைநிறுத்தி, பிழைச் செய்தியைக் கட்டங்களுக்குக் கீழே கொண்டுவந்தார். தேவையான திருத்தம்தான். வெள்ளிக்கிழமை சோதனையாளர் அதே சுட்டியைத் திறந்து, கட்டி முடிக்கப்பட்ட திரையோடு ஒப்பிட்டு, இரண்டு பிழைகளைப் பதிவு செய்தார். மூவரும் தத்தம் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தனர். ஆனாலும் யாருடைய கவனக்குறைவு என்ற பேச்சிலேயே ஒரு முற்பகல் கழிந்தது. ஏனெனில், நிரலாளர் திங்கட்கிழமை கண்ட திரை எது என்பதை எடுத்துக்காட்ட அந்த டிக்கெட்டில் எதுவுமே இல்லை.

சுட்டி உயிருள்ள கோப்பைக் காட்டுகிறது. கோப்போ நாள்தோறும் மாறுகிறது. டிக்கெட் என்பது ஓர் உடன்பாட்டின் பதிவு. 'இதைத்தான் கட்டுவோம்' என்று இன்ன நாளில் ஒப்புக்கொண்டோம் என்பதற்கான சான்று. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை மாறக்கூடாத ஒன்றோடு வெறும் முகவரியால் கட்டிவைத்தால், முகவரி மட்டும் அப்படியே இருக்கும், அதன் பொருள் மாறிவிடும். ஆகவே எந்த இணைப்பைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: ஒப்புக்கொண்ட திரை எது என்பதை ஆறு மாதம் கழித்து, குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், யாரிடமும் கேட்காமல் டிக்கெட்டிலிருந்தே கண்டுகொள்ள முடியுமா? திரையைப் பற்றிய பேச்சு எத்தனை இடங்களில் நடக்கிறது, அளவுகளை நிரலாளர் எங்கிருந்து எடுக்கிறார், கருவியே மூடப்பட்டால் கையில் என்ன மிஞ்சும் என்ற மூன்றும் அதற்கு அடுத்த கேள்விகள்.

கடைசிக் கேள்வியை மிகைப்பட்ட அச்சம் என்று எண்ண வேண்டாம். வடிவமைப்புகளைப் பகிர்ந்து கருத்துக் கேட்க ஒரு காலத்தில் பரவலாகப் பயன்பட்ட இன்விஷன், 2024 இறுதியோடு தன் வடிவமைப்புச் சேவைகளை நிறுத்திக்கொண்டது. அதை நம்பி எழுதப்பட்ட டிக்கெட்டுகளில் இருந்த சுட்டிகள் எங்கும் போய்ச் சேராத முகவரிகளாயின. திரை வரையும் மற்றொரு கருவியான அடோபி எக்ஸ்.டி. புதிய வசதிகள் சேர்க்கப்படாமல் பராமரிப்பு நிலைக்குச் சென்றது. ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக 2022 செப்டம்பரில் அடோபி அறிவித்ததும், ஐரோப்பிய, பிரிட்டிஷ் போட்டி ஒழுங்குமுறை அமைப்புகளின் ஆட்சேபங்களுக்குப் பிறகு 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பதினைந்து மாதங்களில், தங்கள் கோப்புகள் யார் கைக்குப் போகும் என்று பல குழுக்கள் கணக்குப் போட்டுப் பார்த்தன. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறந்தமூலக் கருவியான பென்பாட்டின் பக்கம் பலர் திரும்பியதும் அப்போதுதான்.

ஃபிக்மாவும் ஜிராவும்

பெரும்பாலோர் முதலில் எண்ணும் கூட்டணி இதுவே. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஜிரா, பிழைகளைப் பதிவு செய்யும் கருவியாகத் தொடங்கி, இன்று திட்ட மேலாண்மை முழுவதற்கும் உரிய கருவியாக விரிந்திருக்கிறது. 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா, உலாவியிலேயே பலர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் வரையலாம் என்பதை நடைமுறையாக்கியது. இரண்டையும் இணைக்கும் செயலியை நிறுவினால், ஃபிக்மா சுட்டியை டிக்கெட்டில் சேர்த்தவுடன் திரையின் முன்தோற்றம் அங்கேயே தெரியும். ஃபிக்மாவில் நிரலாளர்களுக்கென உள்ள டெவ் மோடு என்ற பகுதியில் இருந்தபடியே அந்தத் திரைக்குரிய ஜிரா டிக்கெட்டையும் பார்க்கலாம். 2023இல் அறிமுகமான டெவ் மோடு, இடைவெளி, நிறம், எழுத்துரு ஆகியவற்றை நிரலாளர் படித்தறிய வழி செய்கிறது, வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ். மட்டுமின்றி ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். ஆகியவற்றுக்கான நிரல் துணுக்குகளையும் காட்டுகிறது. கைப்பேசிச் செயலி கட்டும் குழுவுக்கு இது பெரிய துணை.

என் முதல் கேள்விக்கு இந்தக் கூட்டணி இயல்பாக விடை தருவதில்லை. நாமே முயன்றுதான் பெற வேண்டும். டிக்கெட்டில் தெரியும் முன்தோற்றம் உயிருள்ள கோப்பினுடையது. ஒரு திரையைக் 'கட்டுவதற்குத் தயார்' என்று வடிவமைப்பாளர் குறிக்கலாம். குறித்த பிறகு நடந்த மாற்றங்களை டெவ் மோடில் பழைய வடிவத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். நல்ல வசதிதான், ஆனால் டெவ் மோடுக்குக் கட்டண இருக்கை, அதாவது ஆளுக்கு ஒன்றாக வாங்கும் பயனர் உரிமம், தேவை. எட்டுப் பேர் குழுவில் ஐந்து நிரலாளர்களுக்கும் ஒரு சோதனையாளருக்கும் இருக்கை வாங்குவதா என்ற கேள்வி எழும்போது, பெரும்பாலும் விடுபட்டுப்போகிறவர் சோதனையாளர். மேலே சொன்ன ஓ.டி.பி. திரையின் கதையில் பழைய வடிவமும் புதிய வடிவமும் யாருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமோ, அவருக்கே அந்த வசதி கிட்டாமல் போகிறது. இருக்கைகளைக் குறைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், நிரலாளர் ஒருவருடையதைக் குறைத்துச் சோதனையாளருக்குக் கொடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து.

கட்டணமின்றியும் ஒரு வழி உண்டு. ஃபிக்மாவில் பதிப்பு வரலாற்றில் ஒரு நிலைக்குப் பெயரிட்டுச் சேமித்து, அந்தப் பதிப்புக்கு உரிய தனிச் சுட்டியை எடுத்து டிக்கெட்டில் இடலாம். கூடவே திரையின் படத்தையும் பி.என்.ஜி. கோப்பாக டிக்கெட்டில் இணைத்துவிட வேண்டும். படம் எதற்கு என்றால், ஃபிக்மாவின் இலவசத் திட்டத்தில் பதிப்பு வரலாறு 30 நாட்களுக்கு மட்டுமே கிடைக்கும். கட்டணத் திட்டத்திலிருந்து ஒரு நாள் இறங்க நேர்ந்தாலும் டிக்கெட்டில் உள்ள படம் அப்படியே இருக்கும். நிர்வாகி அமைத்துத் தரும் திட்டங்களில், குறிப்பிட்ட புலம் (நிரப்ப வேண்டிய கட்டம்) நிரப்பப்படாமல் டிக்கெட்டை அடுத்த நிலைக்கு நகர்த்த முடியாது என்று விதி வகுக்க ஜிராவில் இடமுண்டு. 'ஒப்புக்கொண்ட பதிப்பின் சுட்டி' என்று ஒரு புலத்தை உருவாக்கி, அது காலியாக இருந்தால் டிக்கெட் நிரலாளரிடம் போகாது என்று வைத்துவிட்டால், யாரும் யாரையும் நினைவூட்ட வேண்டியதில்லை. அமைக்க அரை மணி நேரம் ஆகும் இந்த விதி, கூட்டம் போட்டுப் பேசியும் தீராத பல சிக்கல்களைத் தீர்த்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

பேச்சு இரண்டு இடங்களில் சிதறுவது இக்கூட்டணியின் மற்றொரு குறை. திரையின் மேல் குத்திவைத்த கருத்து ஃபிக்மாவில் இருக்கும். 'சரி, அப்படியே செய்துவிடுவோம்' என்ற மேலாளரின் ஒப்புதல் ஜிராவில் இருக்கும். நாங்கள் பயன்படுத்திய இணைப்பில் ஒன்றில் எழுதியது மற்றதில் வந்து சேரவில்லை. ஆகவே, வரைபடம் பற்றிய விவாதம் ஃபிக்மாவில், முடிவு மட்டும் ஒரே வாக்கியமாக ஜிராவில் என்று பிரித்துக்கொண்டோம். நிலைக்குறிகளிலும் இதே இரட்டைப்பாடு உண்டு: ஃபிக்மாவில் 'தயார்' என்றும் ஜிராவில் 'வடிவமைப்பில் உள்ளது' என்றும் ஒரே திரை இரண்டு நிலைகளில் நிற்கும். இரண்டும் முரண்பட்டால் ஜிராவே செல்லும் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்வது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, ஜிரா பத்துப் பயனர் வரை இலவசம்; பதினொன்றாவது நபர் வந்தவுடன் முழுக் குழுவுக்கும் கட்டணம் தொடங்கும். ஜிராவைச் சொந்தச் சர்வரில் நிறுவும் சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரி 15 அன்று முடிவுக்கு வந்தது. ஃபிக்மாவோ தொடக்கம் முதலே நிறுவனத்தின் மேகச் சேவையில் மட்டும் இயங்குவது. தரவு தங்கள் வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், சிறிய குழுவுக்கு இந்தக் கூட்டணி அங்கேயே விலகிவிடுகிறது.

பென்பாட்டும் டைகாவும்

அத்தகைய குழுக்கள் பார்க்க வேண்டியது இந்த இணை. ஸ்பெயினின் மாட்ரிட் நகரைச் சேர்ந்த கலெய்டோஸ் நிறுவனத்தில் பிறந்தவை இரண்டும், இரண்டும் திறந்தமூலம், இரண்டையும் மென்பொருளைப் பொட்டலமாக நிறுவ உதவும் டாக்கர் வழியாகச் சொந்தச் சர்வரில் நிறுவலாம். டைகா, வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரிக்கும் ஸ்க்ரம், பலகையில் அட்டைகளாக நகர்த்தும் கான்பான் ஆகிய முறைகளுக்கென எளிமையாகக் கட்டப்பட்ட கருவி. ஜிராவில் உள்ள விதிகளும் புலங்களும் அதில் அந்த அளவுக்கு இல்லை. சிறிய குழுவுக்கு அது ஒரு நன்மை என்றே கருதுகிறேன், ஏனெனில் ஜிராவை அமைப்பதே ஒருவருடைய முழுநேர வேலையாகிவிடுவது அரிதன்று.

பென்பாட்டின் தனிச் சிறப்பு அதன் அடித்தளத்தில் இருக்கிறது. அது தன் வடிவங்களுக்கு எஸ்.வி.ஜி. (வலைக்கான வரைபட வடிவம்), சி.எஸ்.எஸ். போன்ற வலைத்தரங்களையே ஆதாரமாகக் கொண்டது. 2024இல் வந்த 2.0 பதிப்பில் சி.எஸ்.எஸ். கிரிட் முறையிலேயே, அதாவது வரிசை, நெடுவரிசைக் கட்டங்களாக, திரையை அடுக்கும் வசதி சேர்ந்தது. உறுப்புகளை ஒரே வரிசையில் அடுக்கும் ஃப்ளெக்ஸ் முறை அதற்கு முன்பே இருந்தது. வடிவமைப்பாளர் 'இந்த மூன்று அட்டைகளுக்கும் இடையே 16 பிக்சல், மீதி இடத்தைச் சமமாகப் பங்கிடு' என்று பென்பாட்டில் அமைக்கும்போது, உலாவி புரிந்துகொள்ளும் அதே மொழியில்தான் அமைக்கிறார். நிரலாளர் அளவுகளையும் நிரலையும் பார்க்கத் தனிக் கட்டணமும் இல்லை. சோதனையாளர் உட்பட எல்லோருக்கும் ஒரே கதவு திறந்திருக்கிறது. இணையதளமும் வலைச் செயலியும் கட்டும் குழுக்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்காமல் ஃபிக்மாவுக்குப் பணம் கட்டக்கூடாது என்று சொல்வேன். கோட்லின், ஸ்விஃப்ட் ஆகிய நிரல்மொழிகளில் கைப்பேசிச் செயலி எழுதும் குழுவுக்கு இந்த நன்மை பாதியாகக் குறைந்துவிடும், ஏனெனில் சி.எஸ்.எஸ். துணுக்குகள் அவர்களுக்கு நேரடியாகப் பயன்படுவதில்லை.

ஒரே வீட்டில் பிறந்தவை என்பதால் இரண்டும் நெருங்கி இணைந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பென்பாட் சுட்டியை டைகா டிக்கெட்டில் ஒட்டுவதுதான் எங்கள் நடைமுறையாக இருந்தது. ஃபிக்மா–ஜிரா இணைப்பில் கிடைக்கும் முன்தோற்றமும் இரு திசைத் தொடர்பும் அங்கே இல்லை. பெயரிட்டுப் பதிப்பைச் சேமிக்கும் வசதியும் பென்பாட்டின் அண்மைப் பதிப்புகளில்தான் வந்தது. ஆக, உறைந்த படத்தை டிக்கெட்டில் இணைக்கும் ஒழுங்கு இங்கே இன்னும் கட்டாயமாகிறது. பல நூறு திரைகளை ஒரே கோப்பில் குவித்தபோது பென்பாட் தள்ளாடியதையும் பார்த்தோம். கோப்புகளைப் பகுதி பகுதியாகப் பிரித்த பிறகு சீரானது.

இலவசம் என்ற சொல்லையும் நிதானமாக எடைபோட வேண்டும். சர்வர் வாடகை சிறிது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் நேரம் பெரிது. புதிய பதிப்புகளை ஏற்றுவது, காப்பு எடுப்பது, எடுத்த காப்பு மீளுமா என்று சோதிப்பது ஆகியவை ஒருவர் பெயரில் எழுதிவைக்கப்பட வேண்டும். பென்பாட்டில் தரவுத்தளம் ஒரு பக்கமும், ஏற்றிய படங்கள் மற்றொரு பக்கமும் இருக்கும். தரவுத்தளத்துக்கு மட்டும் காப்பு எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், மீட்டெடுக்கும் நாளில் திரைகளின் கட்டமைப்பு வரும், படங்கள் வராது. இந்தப் பொறுப்பை ஏற்க உங்கள் குழுவில் ஆள் இல்லையென்றால், பென்பாட்டை அந்நிறுவனத்தின் மேகச் சேவையிலேயே பயன்படுத்தலாம். பின்னாளில் வெளியேற நினைத்தாலும் கோப்புகளை முழுமையாக ஏற்றுமதி செய்து சொந்தச் சர்வரில் இறக்கிக்கொள்ளலாம் என்பதே பெரிய பாதுகாப்பு.

கிட்லேப் ஒன்றே போதுமா?

மூன்றாவது வழியைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. நிரல் ஏற்கெனவே கிட்லேப்பில் இருந்தால், அதன் டிக்கெட்டுகளுக்கு உள்ளேயே வடிவமைப்புகளை ஏற்றுவதற்கு ஒரு பகுதி இருக்கிறது. 2020 முதல் அது இலவசப் பதிப்பிலும் கிடைக்கிறது. அங்கே வரைய முடியாது. வேறு கருவியில் வரைந்த திரையைப் பி.என்.ஜி., ஜே.பி.ஜி. போன்ற படமாக ஏற்ற வேண்டும். படத்தின் எந்த இடத்தில் சொடுக்கினாலும் அங்கே ஒரு குறி விழும், அதற்குக் கீழ் விவாதம் நடக்கும், முடிந்ததும் 'தீர்ந்தது' என்று மூடலாம். அதே பெயருள்ள படத்தை மறுபடி ஏற்றினால் அது புதிய பதிப்பாகச் சேரும். பழையது அழியாது, பட்டியலிலிருந்து தேர்ந்து பார்க்கலாம்.

இதை ஓ.டி.பி. திரைக்குப் பொருத்திப் பாருங்கள். திங்கட்கிழமைப் படம் முதல் பதிப்பு. புதன்கிழமை பொத்தான் இடம் மாறிய படம் இரண்டாம் பதிப்பு. ஏற்றியவர் பெயரும் நேரமும் டிக்கெட்டின் வரலாற்றிலேயே பதிவாகும். டிக்கெட்டைப் பின்தொடரும் நிரலாளர் அதைப் பார்க்க வாய்ப்புண்டு. வெள்ளிக்கிழமை சோதனையாளர் திறக்கும் இடமும் அதுவே. டிக்கெட், படம், விவாதம், நிரல் மாற்றத்துக்கான கோரிக்கை நான்கும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதால், என் முதல் இரண்டு கேள்விகளுக்கும் இவ்வழியே மிக நேர்மையான விடையைத் தருகிறது.

மூன்றாம் கேள்வியில்தான் இது தோற்கிறது. படத்தில் அளவு இல்லை. எட்டு பிக்சலா பன்னிரண்டா என்று கண்ணால் ஊகிக்க நிரலாளரை விடக்கூடாது. அவர் மறுபடி வரைகருவிக்குத்தான் போக வேண்டும். வடிவமைப்பாளருக்கும் வேலை கூடுகிறது: பதினான்கு திரைகள் கொண்ட ஒரு பதிவுப் பயணத்தில் தலைப்பின் நிறம் மாறினால் பதினான்கு படங்களையும் மீண்டும் ஏற்ற வேண்டும். இரண்டாவது வாரத்தில் அவர் சலித்து நிறுத்திவிட்டால், கிட்லேப்பில் இருப்பது பழைய படம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு யாரும் அதை நம்ப மாட்டார்கள். ஃபிக்மாவிலிருந்து நேராகக் கிட்லேப் டிக்கெட்டுக்குத் திரைகளை அனுப்பும் செருகி (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) உள்ளது. அதை நிறுவாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

டிரெல்லோ, லீனியர் போன்ற மற்ற பலகைகளோடு ஃபிக்மாவைச் சேர்ப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சுட்டியை ஏற்று முன்தோற்றம் காட்டுவது அவற்றிலும் கிடைக்கிறது. சுட்டி மாறாமல் அது காட்டும் திரை மாறிவிடும் சிக்கலும் அவற்றில் அப்படியே இருக்கிறது.

தேர்வு

வலைச் செயலி கட்டும், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருவராவது உள்ள குழுவுக்குப் பென்பாட்டைப் பரிந்துரைக்கிறேன். வேலைப் பலகைக்கு டைகா கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். நிரல் கிட்லேப்பில் இருந்தால் அதன் டிக்கெட்டுகளோடு பென்பாட் நன்றாகவே பொருந்தும். கைப்பேசிச் செயலி கட்டும், வாடிக்கையாளரே ஜிராவில் வந்து பார்க்கும் குழுக்கள் ஃபிக்மா–ஜிராவை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன கட்டாயப் புலத்தை முதல் வாரமே அமைத்துவிட வேண்டும். நான்கைந்து பேரும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் வடிவமைப்பாளரும் கொண்ட குழுவுக்கு, வரைவது ஃபிக்மாவின் இலவசத் திட்டத்தில், பதிவது கிட்லேப்பில் என்ற கலவையே என் தேர்வு. அங்கே வடிவமைப்பாளர் இல்லாத மூன்று நாட்களிலும் அவருடைய முடிவுகள் டிக்கெட்டில் இருந்தாக வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரே எண் எல்லா இடத்திலும் ஓடட்டும். டிக்கெட் எண் 142 என்றால், வரைகருவியில் அந்தத் திரையின் பெயரிலும் 142, நிரல் மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் கமிட் செய்தியிலும் 142. தமிழில் இடைமுகம் செய்பவர்கள், திரையில் வரும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் ஆங்கில மாதிரி உரைக்குப் பின் மொழிபெயர்க்கலாம் என்று தள்ளிவைக்காமல், வரையும்போதே இட்டு, டிக்கெட்டிலும் எழுத்தாகத் தட்டச்சிட்டு வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'Submit' என்ற ஆறெழுத்துப் பொத்தான் தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீளும்போது உடையும் திரையை வடிவமைப்பாளரே முதல் நாள் பார்த்துவிடுவார். படத்திலிருந்து சொற்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டும் நிரலாளரின் கையில் ஒற்றுகள் விடுபடுவதும் நின்றுவிடும்.

முடிவெடுக்கும் முன் இரண்டு வாரச் சோதனை ஒன்றை நடத்துங்கள். உண்மையான ஒரு திரை, உண்மையான ஒரு டிக்கெட், நடுவில் வடிவமைப்பாளர் வேண்டுமென்றே செய்யும் ஒரு சிறு மாற்றம். பத்தாவது நாளில், அந்தத் திரையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் டிக்கெட்டை மட்டும் கொடுத்து, எந்தத் திரை ஒப்புக்கொள்ளப்பட்டது, பிறகு என்ன மாறியது, யார் சரி என்றார் என்று கேளுங்கள். அவர் எழுந்து வந்து வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டியிருந்தால், அடுத்த வழியை இதே திரையோடு சோதித்துப் பாருங்கள்.